இரண்டு சேர்வர் இருந்தால் பேக்கப் வேண்டாமா? பழைய நாஸை மாற்றுவது பற்றி

மார்ச் 2, இரவு 8.15 (கேட்டவர்)

அண்ணன்மாருக்கு ஒரு கேள்வி. ஹட்டன் பக்கம் தோட்ட ஆபீஸ். 4 டி.பி. டிஸ்க் நான்கு போட்ட நாஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் சேமிக்கும் பெட்டி) ஒன்று, ரெயிட் 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு), எட்டு வருடமாக ஓடுகிறது. செக்ரோல் (தொழிலாளரின் வருகை, சம்பளப் பதிவு), கொழுந்து நிறுவை, ஸ்டோர் கணக்கு, ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் பேக்கப் எல்லாம் அதில்தான். 12 டி.பி. இடத்தில் 8 டி.பி. நிரம்பிவிட்டது. ஒரே மாதிரி இரண்டு சேர்வர் வாங்கி கிளஸ்டர் போடச் சொல்கிறார்கள். ஒன்று விழுந்தால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளுமாம். அப்படியென்றால் தனியாக பேக்கப் தேவையில்லை என்று நினைக்கிறேன். சரிதானே?

மார்ச் 2, இரவு 10.40

சரியில்லை தம்பி. வாங்கிவிடாதீர்கள், முதலில் இதைப் படியுங்கள்.

கிளஸ்டர் காப்பது இயந்திரம் பழுதாவதை மட்டும். யாராவது போன மாத செக்ரோல் ஃபோல்டரை அழித்தால், இரண்டாவது சேர்வரிலும் அது அதே நொடியில் அழியும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்து பூட்டினால் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். கிளஸ்டருக்குத் தெரிந்த வேலை இரண்டையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. கெட்டதையும் ஒரே மாதிரி வைத்திருக்கும். பேக்கப்புக்கு வேண்டியது நேற்றைய நிலை, போன வார நிலை, போன வருட நிலை.

பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்க இரண்டு கேள்வி போதும். ஒன்று, எத்தனை மணி நேரத்து வேலையை மறுபடி கையால் பதிய முடியும்? இரண்டு, எத்தனை மணி நேரம் ஆபீஸ் இல்லாமல் ஓட முடியும்? இவற்றை உங்கள் சேர்வர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் நிறுவை சேர்வர் அரை மணி நேரம் நின்றாலே வரிசை நிற்கும். பேக்கப் சேர்வர் ஒரு ராத்திரி நின்றால் அடுத்த ராத்திரி எடுத்துக்கொள்ளலாம். கிளஸ்டர் கேட்பது நிறுவை சேர்வர். பேக்கப் சேர்வர் கேட்பது இன்னொரு இடத்தில் இன்னொரு பிரதி.

மார்ச் 3, காலை 6.20

புதியதைப் பற்றிப் பேசும் முன் பழையதைப் பாருங்கள். எட்டு வருட டிஸ்க்கை முழுதாக வாசிக்கப் போகிறீர்கள். அது ஓடிய காலத்திலேயே பாரமான வேலை இதுவாகத்தான் இருக்கும். நான்கு டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையையும் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் பட்டியல்) எடுத்து 5, 197, 198, 199 என்ற எண்களை மட்டும் பாருங்கள். 5 என்பது ஏற்கெனவே மாற்றி ஒதுக்கிய செக்டர். 197 என்பது வாசிக்கத் தடுமாறி இன்னும் முடிவாகாதது. 198 திருத்தவே முடியாதது. இந்த மூன்றில் ஏதாவது பூச்சியமாக இல்லாமல் வாரா வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கின் நாள் எண்ணப்படுகிறது. 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குற்றம் சொல்லாதீர்கள், கேபிளோ சொருகும் இடமோ தளர்ந்திருக்கும்.

இன்று ஒரு டிஸ்க் விழுந்தால் உடனே புதியதைச் சொருகி ரீபில்ட் (விடுபட்டதைப் புதிய டிஸ்க்கில் மறுபடி கட்டுவது) பண்ணாதீர்கள். முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். ரீபில்டுக்கு மற்ற மூன்றும் முழுதாக, அதாவது 12 டி.பி., பிழையில்லாமல் வாசிக்கப்பட வேண்டும். சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் எழுதித் தரும் அளவே 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு பிழை, அதாவது 12.5 டி.பி.க்கு ஒன்று. நடைமுறையில் அதைவிட நன்றாகவே ஓடும் என்றாலும், சம்பளக் கணக்கை அந்த ஓரத்தில் வைத்து நடக்கக் கூடாது.

முதலில் செக்ரோலும் நிறுவையும். அவை சில ஜி.பி.தான் இருக்கும். ஒரு யூ.எஸ்.பி. டிஸ்க்கில் இன்றைக்கே எடுத்து வையுங்கள். மற்றது பிறகு.

மார்ச் 3, காலை 6.50

விட்டுப்போனது: எந்த டிஸ்க் எந்தத் துளையில் இருக்கிறது என்று மார்க்கர் பேனாவால் டிஸ்க்கின் மேலேயே 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். பெட்டியின் போர்டு செத்து டிஸ்க்குகள் உயிரோடு இருக்கும் நிலை வரும். பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸின் சொந்த மென்பொருள் ரெயிட்டான எம்.டி.தான். நான்கையும் சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, வாசிக்க மட்டும் என்ற நிலையில் திறக்கலாம். ஹாட்வெயார் ரெயிட் கார்டு என்றால் அதே இன கார்டைத் தேட வேண்டி வரும். புதிய சேர்வரில் அந்தக் கார்டு வேண்டாம் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

மார்ச் 5, இரவு 9.30

புதிய பெட்டிக்கு என் கணக்கு: 8 டி.பி. டிஸ்க் ஆறு, இசட்.எஃப்.எஸ். (பிழையைத் தானே கண்டுபிடிக்கும் ஃபைல் சிஸ்டம்), அதில் ரெயிட்-இசட் 2 என்ற அமைப்பு. எந்த இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா பிழைக்கும். கையில் வருவது 32 டி.பி., அதில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். இ.சி.சி. (பிழை திருத்தும்) மெமரி போடக்கூடிய போர்டு கிடைத்தால் எடுங்கள். டிஸ்க் வாங்கும்போது சி.எம்.ஆர்.ஆ எஸ்.எம்.ஆர்.ஆ என்று கேட்டே ஆக வேண்டும். நாஸுக்கென்று விற்ற சில மாதிரிகளே எஸ்.எம்.ஆர். என்பது 2020இல் வெளியே வந்தது. எஸ்.எம்.ஆர். டிஸ்க் அடுத்தடுத்த பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவதால், பழுதான டிஸ்க்கை மாற்றி நிரப்பும் வேலை மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்குக்கு இழுக்கும். ஆறையும் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே காலத்தில் சாகும் வாய்ப்பு உண்டு.

வந்ததும் டேட்டா ஏற்றாதீர்கள். பேட்பிளாக்ஸ் (டிஸ்க் முழுதையும் சோதிக்கும் கருவி) எழுதும் சோதனையை ஓடவிடுங்கள், பிளாக் அளவு 4096 என்று கொடுத்து. கொடுக்காவிட்டால் இவ்வளவு பெரிய டிஸ்க்குக்கு எண்ணிக்கை கொள்ளாமல் ஆரம்பத்திலேயே நிற்கும். நான்கு முறை எழுதி நான்கு முறை வாசிக்கும். 8 டி.பி. டிஸ்க்குக்கு நான்கு நாள் போல ஆகும், ஆறையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். அதற்குப் பிறகும் 5உம் 197உம் பூச்சியமாக இருந்தால் நம்பலாம்.

பூல் (டிஸ்க்குகள் சேர்ந்த இசட்.எஃப்.எஸ். தொகுதி) உருவாக்கும்போது ஏஷிஃப்ட் (பிளாக் அளவைக் குறிக்கும் எண்) 12. பிறகு மாற்ற முடியாத எண் அது. டிஸ்க்குகளை எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்ற பெயரில் சேர்க்காமல் சீரியல் எண் வரும் பெயரில் சேருங்கள். ராத்திரியில் எந்த டிஸ்க்கைக் கழற்றுவது என்று தேடும்போது அந்த எண்தான் கை கொடுக்கும்.

நகல் எடுக்கும் நேரம்: ஆபீஸுக்குள் ஒரு கிகாபிட் லைனில் நொடிக்கு 110 எம்.பி. வரும், 8 டி.பி.க்கு 20 மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல் லட்சக்கணக்கில் இருந்தால் இரண்டு மூன்று மடங்கு. இன்டர்நெட்டில் இன்னொரு ஊருக்கு ஏற்றினால், அப்லோட் 10 மெகாபிட் என்றால் சுமார் பத்து நாள்.

மார்ச் 6, காலை 7.05

நேற்றைய கடைசி வரி பிழை. பிட்டை பைட்டாக எண்ணிவிட்டேன். 10 மெகாபிட் என்பது நொடிக்கு 1.25 எம்.பி., நாளுக்கு 108 ஜி.பி. 8 டி.பி. ஏற 74 நாள் ஆகும், அதுவும் லைன் ஒரு நிமிடம்கூட விழாவிட்டால். ஆகவே முதல் பிரதியை டிஸ்க்கிலேயே ஏற்றி பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அன்றன்றைய மாற்றம் மட்டும் லைனில் போகட்டும். இரவு 9லிருந்து காலை 5 வரை 36 ஜி.பி. போகும், ஆபீஸின் ஒரு நாள் மாற்றத்துக்கு அது தாராளம்.

டிஸ்க் கொண்டுபோகும்போது ஆன்டிஸ்டாட்டிக் பை, அதன் மேல் ஸ்பொஞ். வளைவுகளில் மடியிலேயே வைத்திருங்கள், சாமான் தட்டில் வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் வியர்க்கும், ஆகவே குளிரான ஊருக்கு ஏற்றிய டிஸ்க்கை உடனே ஓட்டாதீர்கள்.

மார்ச் 8, மாலை 5.30 (கேட்டவர்)

அண்ணே, அவசரத்தில் ஒரு சோதனை செய்தேன். ஒரு பழைய சேர்வரில் ஆர்சிங்க் (நகலெடுக்கும் கட்டளை) போட்டு பேக்கப் ஃபோல்டரை நகலெடுத்தேன். பழைய இடத்தில் 1.1 டி.பி. காட்டுவது புதிய இடத்தில் 6 டி.பி. தாண்டியும் நிற்கவில்லை. டிஸ்க் நிரம்பி நின்றுவிட்டது. என்ன பிழை?

மார்ச் 8, இரவு 9.10

ஹாட் லிங்க். தினசரி பேக்கப் ஃபோல்டர் ஒவ்வொன்றும் முழுப் பிரதி போலத் தெரியும். ஆனால் மாறாத ஃபைல் டிஸ்க்கில் ஒரே தடவைதான் இருக்கும், முப்பது நாள் ஃபோல்டரும் அந்த ஒன்றையே சுட்டும். சாதாரண நகல் அந்தச் சுட்டலைப் பார்க்காமல் முப்பது தடவை எழுதும். ஆர்சிங்க்குக்கு சின்ன ஏ (-a) என்ற சுவிட்ச் போதாது, பெரிய எச் (-H) சேர்க்க வேண்டும். கூடவே பெரிய ஏ, பெரிய எக்ஸ், நியூமரிக்-ஐ.டி.ஸ். கடைசியது இல்லாவிட்டால் பழைய சேர்வரின் பயனர் பெயரைப் புதிய சேர்வரில் தேடி, வேறொருவரின் எண்ணோடு கோர்த்துவிடும். பிறகு குமாஸ்தாவின் ஃபைலை அவரால் திறக்க முடியாது, திறக்கக் கூடாதவர் திறப்பார்.

பெரிய எச் போட்டால் எல்லா நாள் ஃபோல்டரும் ஒரே ஓட்டத்தில் போக வேண்டும். நாள் நாளாகப் பிரித்து ஓட்டினால் லிங்க் மறுபடி அறுந்துபோகும். மெமரியும் அதிகம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்க் (சாவியால் பூட்டிப் பேக்கப் எடுக்கும் மென்பொருள்) ரெப்போசிட்டரி, அதாவது அதன் சேமிப்பிடம், இருந்தால் விதி வேறு. யாரும் எழுதாத நேரத்தில் மொத்தமாக நகலெடுக்கலாம். ஆனால் நகலெடுத்த பிறகு பழையதிலும் புதியதிலும் இரண்டிலும் எழுதக் கூடாது. போர்க் 1 வரிசையில் இரண்டும் ஒரே சாவியை வைத்து ஒரே எண்ணிக்கையிலிருந்து தொடங்கும், குறியாக்கத்தின் பாதுகாப்பே போய்விடும். இரண்டாவது இடத்துக்குத் தனி ரெப்போசிட்டரி, தனிச் சாவி.

மார்ச் 9, பகல் 1.00

தமிழ் ஃபைல் பெயர் வைத்திருக்கிறீர்களா? தோட்ட ஆபீஸ்களில் இது கட்டாயம் வரும். வழிகாட்டிப் பக்கங்களில் காணக் கிடைக்காது, அதனால் விரிவாக எழுதுகிறேன்.

"கொழுந்து" என்ற பெயரில் முதல் எழுத்தைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாகச் சேமிக்கும். ஒன்று க, அதன் பின் ொ என்ற ஒரே குறி. மற்றது க, பிறகு ெ, பிறகு ா என்று மூன்று துண்டு. திரையில் ஒரே எழுத்துத்தான். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு ஃபைல். மேக்கிலிருந்து வந்தது ஒரு வடிவம், விண்டோஸிலிருந்து வந்தது இன்னொரு வடிவம் என்றால் ஒரே ஃபோல்டரில் "கொழுந்து" இரண்டு இருக்கும். ஒன்றில் ஜனவரி வரை, மற்றதில் பெப்ரவரியிலிருந்து. இசட்.எஃப்.எஸ். டேட்டாசெட் (பூலுக்குள் ஒரு தனிப் பகுதி) உருவாக்கும்போதே நார்மலைசேஷனை (எழுத்து வடிவங்களை ஒன்றாக்கும் அமைப்பு) ஃபார்ம்-சி என்று வைத்தால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். உருவாக்கிய பிறகு அதை மாற்ற முடியாது. மாற்றும் முன் பழைய இடத்திலேயே இரட்டைப் பெயர்களைத் தேடித் தீர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நகலில் ஒன்றின் மேல் மற்றது எழுதப்படும்.

நீளமும் பிரச்சினை. பெயருக்கு 255 பைட் எல்லை, தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், ஆகவே 85 குறி. சில நாஸ்களின் குறியாக்கிய ஃபோல்டரில் எல்லை 143 பைட், அதாவது 47 குறி. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி என்பதால் "மார்ச் மாத கொழுந்து நிறுவை திருத்திய பிரதி கடைசி" என்று பெயர் வைத்தாலே அந்த எல்லையை நெருங்கிவிடும்.

பாமினி (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு) காலத்து ஃபைல் இருந்தால் இன்னொன்று. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி உண்மையில் அரைப்புள்ளி விசை. புள்ளி வைத்த ஒவ்வொரு எழுத்தும் பெயருக்குள் ஓர் அரைப்புள்ளியைக் கொண்டுவரும். ஷெல்லுக்கு (கட்டளைகளை ஓட்டும் நிரல்) அரைப்புள்ளி என்றால் கட்டளை முடிந்தது என்று பொருள். ஸ்கிரிப்ட்டில் பெயரை நேரடியாக எழுதும்போது மேற்கோள் குறி விட்டுப்போனால் பெயர் பாதியில் அறுந்து, மீதி தனிக் கட்டளையாக ஓடும். எல்லாப் பெயர்களையும் மேற்கோளுக்குள் போடுங்கள்.

மார்ச் 10, இரவு 10.15

கரண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர வெட்டு, 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க இருட்டு, இவற்றை விடுங்கள். நமக்கு வாரா வாரம் வரும் தொல்லை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஜெனரேட்டர்தான்.

வாட்டும் தொட்டியின் விசிறியோ ரோலரோ தொடங்கும் நொடியில் ஜெனரேட்டர் திணறும். வோல்டேஜ் இறங்கும், ஃப்ரீக்வன்சி 50லிருந்து சறுக்கும். சிறிய யூ.பி.எஸ்.கள் பல இந்தக் கரண்டை ஏற்காமல் பேட்டரியிலேயே நிற்கும். ஆபீஸில் லைட் எரியும், எல்லோரும் கரண்ட் இருக்கிறது என்று நினைப்பார்கள், சேர்வர் மட்டும் முக்கால் மணி நேரத்தில் அணையும். யூ.பி.எஸ்.இல் சென்சிட்டிவிட்டியைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆன்லைன் டபுள் கன்வெர்ஷன் வகை வேண்டும். விலை கூட. ஆனாலும் ஸ்டோர் லைனில் தொங்கும் ஆபீஸுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

நட் மென்பொருளை (யூ.பி.எஸ்.ஐக் கவனித்து சேர்வரை அணைப்பது) யூ.எஸ்.பி. வழியாக இணைத்து, பேட்டரி 30 சதவீதத்தில் ஒழுங்காக அணையும்படி வையுங்கள். திரும்பி எழுவதும் முக்கியம். கரண்ட் இரண்டு நிமிடம் வந்து மறுபடி போவது நம் பக்கம் சாதாரணம். காலி பேட்டரியோடு சேர்வர் எழுந்து பூட் நடுவில் மறுபடி விழும். பேட்டரி 50 சதவீதம் ஏறிய பிறகே கரண்டை வெளியே விடும்படி யூ.பி.எஸ்.க்குச் சொல்லலாம். எல்லா மாடலும் கேட்காது, வாங்கும் முன் விசாரியுங்கள்.

சலிக்கும் அறைக்குப் பக்கத்தில் சேர்வரை வைக்காதீர்கள். அங்கே பறக்கும் மெல்லிய தேயிலைப் பஞ்சு விசிறியின் இதழில் கம்பளி போலப் படியும். மழை நாளில் ஈரத்தை இழுத்து அங்கேயே இறுகிவிடும்.

மார்ச் 12, இரவு 8.50 (கேட்டவர்)

அண்ணே, அப்போ இரண்டாவது சேர்வரை வேறு ஊரில் வைத்துக் கிளஸ்டர் போடலாமே? பண்டாரவளையில் எங்கள் கம்பனியின் இன்னொரு ஆபீஸ் இருக்கிறது.

மார்ச் 12, இரவு 11.20

வேறு ஊரில் வைப்பது சரி. கிளஸ்டர் வேண்டாம்.

இரண்டே இயந்திரம் உள்ள கிளஸ்டரில் நடுவே லைன் அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே நினைக்கும், இரண்டுமே எழுதத் தொடங்கும். லைன் திரும்பும்போது எது உண்மை என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் தடுக்க மூன்றாவது வாக்கு வேண்டும். ஒரு ராஸ்பெரி பை (சிறிய கம்ப்யூட்டர்) போதும், ஆனால் அது மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டும். அத்தோடு கிளஸ்டர் இயந்திரங்களைப் பேசவைக்கும் கொரோசிங்க் மென்பொருள் எதிர்பார்ப்பது ஒரே கட்டிடத்து வேகம், சில மில்லி நொடிகள். ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்கு இன்டர்நெட் வழியாகப் போய் வந்தால் அது கிடைக்காது. மழை பெய்தாலே கிளஸ்டர் ஆட்டம் காணும்.

ஆகவே ஒன்றையொன்று நம்பாத இரண்டு தனி இயந்திரங்கள். ஹட்டன் சேர்வர் ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து தானே இழுத்து எடுக்கும். பண்டாரவளை சேர்வர் ஹட்டனிலிருந்து இழுத்து எடுக்கும். கம்ப்யூட்டர்களிடம் பேக்கப் சேர்வரின் பாஸ்வேர்ட் இருக்கக் கூடாது, ஹட்டனிடம் பண்டாரவளையின் சாவி இருக்கக் கூடாது. அப்படி வைத்தால் ஹட்டனை முழுதாகப் பிடித்தவனுக்கும் பண்டாரவளையின் பழைய ஸ்னாப்ஷாட்டை (ஒரு நேரத்து நிலையின் பதிவு) அழிக்க வழியில்லை.

லைன் விழும் என்று வைத்தே அமையுங்கள். இசட்.எஃப்.எஸ். ரிசீவ் என்ற பெறும் கட்டளையில் சின்ன எஸ் போட்டால் பாதியில் நின்றது ஒரு டோக்கனை விட்டுச் செல்லும். அடுத்த ராத்திரி அங்கிருந்தே தொடரும். போடாவிட்டால் 30 ஜி.பி.யில் 29 போயிருந்தாலும் முதலிலிருந்துதான். செக்ரோலில் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன, 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. குறியாக்கிய டேட்டாசெட்டை, அனுப்பும் கட்டளையில் சின்ன டபிள்யூ போட்டு அப்படியே அனுப்புங்கள், அந்தப் பக்கம் சாவி இல்லாமலே சேமிக்கும். சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு இரண்டு ஊரில் பூட்டி வையுங்கள். சாவி தொலைந்த பேக்கப் வெறும் இரும்பு.

நிறுவை சேர்வருக்கு: அதே கட்டிடத்தில் இரண்டு சிறிய இயந்திரம், மரியா டி.பி. ரெப்ளிகேஷன் (டேட்டாபேஸை இரண்டாவதில் உடனுக்குடன் பிரதியெடுப்பது), மாற்றுவது கையால். தானாக மாறுவது வேண்டாம். மாற்றும் ஏழு எட்டு படிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு மடுவத்தில் ஒட்டினால் கிளாக்கரே பத்து நிமிடத்தில் செய்வார்.

மார்ச் 14, காலை 5.45

இரண்டு ஊர் போதும் என்று நினைத்துத்தான் முந்தாநாள் எழுதினேன். காரணமும் நல்லது: ஹட்டன் பக்கம் நனைவது தென்மேற்குப் பருவத்தில், ஊவாப் பக்கம் (பண்டாரவளை) நனைவது வடகீழ்ப் பருவத்தில். ஒரே மழை இரண்டையும் அடிப்பது அரிது என்று கணக்குப் போட்டேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அந்தக் கணக்கை உடைத்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மூன்றும் ஒரே நேரத்தில் சரிந்தன. வீதி, கரண்ட், போன் எல்லாம் சேர்ந்தே போயின. அன்றைக்கு இரண்டு பிரதியும் மலையிலேயே இருந்திருந்தால் இரண்டையும் தொட முடிந்திருக்காது.

மூன்றாவது பிரதி மலைக்கு வெளியே வேண்டும். சேர்வர் வேண்டியதில்லை. 12 டி.பி. யூ.எஸ்.பி. டிஸ்க் இரண்டு, மாதம் ஒன்று கொழும்புக்கு இறங்கும், மற்றது ஏறும். குறியாக்கியது, பெயர் ஒட்டாதது. கட்டிடம் மண்சரிவு எச்சரிக்கை வலயத்தில் இருக்கிறதா என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடத்தில் பாருங்கள். மேலே இருக்கும் சரிவும் கணக்கு.

மார்ச் 14, காலை 6.10

டிஸ்க் கொழும்புக்கு இறங்கும் என்று எழுதியபோதுதான் 6ஆம் திகதி எழுதியது தலைகீழ் என்று தெரிந்தது. வியர்ப்பது குளிர்ந்த டிஸ்க் சூடான ஈரக் காற்றுக்கு வரும்போது. ஏற்றும்போது அல்ல, இறக்கும்போதுதான் பயம். மூடிய பையைத் திறக்காமலே ஒரு ராத்திரி அறையில் வையுங்கள், பிறகு திறந்து ஓட்டுங்கள்.

மார்ச் 21, இரவு 9.00

மாற்றும் நாளுக்கான வரிசை. சம்பள வாரத்தைத் தொடாதீர்கள், 15க்கும் 25க்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை எடுங்கள்.

கம்ப்யூட்டர்கள் சேர்வரை ஐ.பி. எண்ணால் தேடுகின்றனவா பெயரால் தேடுகின்றனவா என்று ஒரு வாரம் முன்னரே பாருங்கள், எண் என்றால் பெயருக்கு மாற்றுங்கள். டி.என்.எஸ்.இல் (பெயரை எண்ணாக்கும் சேவை) டி.டி.எல். (விடையை நினைவில் வைக்கும் நொடிகள்) 86400 என்று இருந்தால் ஒரு முழு நாள் முன்னரே 300 ஆக்குங்கள். அன்று காலையில் குறைத்தால் பழைய விடையே நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை: எழுதும் வேலைகள் எல்லாம் நிறுத்து. பழையதை வாசிக்க மட்டும் ஆக்கு. புதியதில் ஸ்னாப்ஷாட் ஒன்று எடு. கடைசி ஆர்சிங்க்கை டிலீட்டோடு, ஆனால் முதலில் சின்ன என் போட்டு ஒத்திகையாக ஓட்டு. அழிக்கப்போகும் பட்டியல் நீளமாக வந்தால் நிறுத்து, மூலப் பாதையின் கடைசிச் சாய்கோடோ போய்ச்சேரும் இடமோ தவறியிருக்கலாம். சாய்கோடு விட்டுப்போனால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் விழும், இருக்கும் சாய்கோட்டோடு தவறான இடத்துக்குப் போனால் அங்கிருக்கும் மற்றதெல்லாம் அழியும். சரியாக இருந்தால் உண்மையாக ஓட்டு. பிறகு செக்சம்மோடு மறுபடி ஒத்திகை. அது இரண்டு பக்கமும் எல்லா ஃபைலையும் வாசித்து ஒப்பிடும், ஞாயிறு முழுக்க ஓடும், ஓடட்டும். சாதாரண ஆர்சிங்க் பார்ப்பது அளவையும் நேரத்தையும் மட்டும்தான்.

புதிய சேர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். க்ரோனி (நேரத்தைச் சரிசெய்யும் மென்பொருள்) ஓடுகிறதா, போர்டின் சிறு பேட்டரி நல்லதா. ஒரு வருடம் முன்னால் ஓடும் கடிகாரம் எல்லா ஸ்னாப்ஷாட்டும் காலாவதியென்று நினைத்து அழித்துவிடும்.

பின்னாளில் சிஸ்டத்தைப் புதுப்பிக்கும்போது பூலையும் அப்கிரேட் பண்ணச் சொல்லிக் காட்டும். பண்ணாதீர்கள். புதிய அம்சம் ஏறிய பூலைப் பழைய பதிப்பு ஓடும் இயந்திரம் திறக்காது. இரண்டு ஊரும் ஒரே பதிப்புக்கு வந்த பிறகு பார்க்கலாம்.

மார்ச் 29, இரவு 8.00 (கேட்டவர்)

அண்ணே, முடிந்தது. செக்சம் ஒத்திகையில் வித்தியாசம் 3 ஃபைல், மூன்றும் "கொ"வில் தொடங்குவது. சரிசெய்துவிட்டேன். பழையதை விற்றுவிடவா?

மார்ச் 29, இரவு 8.25

வேண்டாம். இன்னும் மாற்றம் முடியவில்லை.

பழைய சேர்வரின் கேபிளைக் கழற்றுங்கள். வேறொரு காலி கம்ப்யூட்டரை எடுங்கள். போன வருடத்தில் ஏதாவது ஒரு மாதம், ஏதாவது ஒரு டிவிசனின் செக்ரோலைப் பண்டாரவளைப் பிரதியிலிருந்து மட்டும் மீட்டெடுங்கள். சாவியையும் பூட்டியிருக்கும் காகிதத்திலிருந்தே தட்டச்சு செய்யுங்கள், ஒரு எழுத்து மங்கியிருந்தால் இன்றைக்கே தெரியட்டும். மென்பொருளில் திறந்து, அந்த மாதம் அச்சிட்ட சம்பளப் பட்டியலோடு மொத்தத்தை மட்டும் ஒப்பிடாமல் பத்துப் பேரின் வரியையும் ஒப்பிடுங்கள். ஒரு நாள் நிறுவை விடுபட்டால் ஒருவரின் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) அரைப்பேராகும், மொத்தத்தில் அது கண்ணில் படாது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை எத்தனை மணி நேரம் என்று குறியுங்கள். முதல் நாள் கேட்டேனே, ஆபீஸ் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓட முடியும் என்று, அந்த எண்ணோடு பொருந்த வேண்டும்.

ஏப்ரல் 11, மாலை 6.40 (கேட்டவர்)

மீட்டது 5 மணி 20 நிமிடம். பத்துப் பேரும் சரி. நேற்று சம்பளம் போட்டாயிற்று. ஆனால் இன்று பின்னேர இடியில் ஸ்டோரிலிருந்து ஆபீஸுக்கு வரும் கேபிளின் ஸ்விட்ச் போர்ட் இரண்டு செத்துவிட்டது. சேர்வருக்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 11, இரவு 9.15

இரண்டு கட்டிடத்துக்கு நடுவில் செம்புக் கேபிள் இழுக்கக் கூடாது. இரண்டுக்கும் எர்த் வேறு வேறு, பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வித்தியாசம் முழுக்க அந்தக் கேபிளில்தான் ஓடும். ஏப்ரலில் பின்னேர இடி இன்னும் வரும். நாளைக்கே அந்தக் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிடுங்கள். ஃபைபர் ஒன்று, உள்ளே உலோகக் கம்பி இல்லாத வகை, இரண்டு முனைக்கும் மீடியா கன்வெர்ட்டர். அது வரும்வரை மடுவத்து நிறுவையை யூ.எஸ்.பி.யில் மாலையில் ஆபீஸுக்குக் கொண்டுவரட்டும், புத்தகத்திலும் எழுதட்டும்.

பழைய நாஸ் இன்னும் ஒரு சம்பளம் போகும்வரை அணைத்தபடி இருக்கட்டும். மே 10க்குப் பிறகு டிஸ்க்குகளை முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள்.